கழற்றும் அறையும் டீ அறையும்: கோவிட் வார்டுக்குப் புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு

நோயாளியின் கட்டில் பக்கம் நிற்கும்போது எல்லோரும் உஷாராகத்தான் இருப்போம். அந்த இடத்தில் பயமே நம்மைப் பார்த்துக்கொள்ளும். கொரோனாவின் முதல் இரண்டு அலைகளிலும் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டராக இருந்தேன். ஊழியர்களில் யாருக்குப் பாசிட்டிவ் வந்தாலும், அதற்கு முந்தைய நாட்களில் எங்கே இருந்தார், யாரோடு சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவது என் வேலை. அந்தப் பதிவேட்டில் திரும்பத் திரும்ப வந்தவை மூன்று: பிபிஇ (பாதுகாப்புக் கவசம்) கழற்றும் அறை, டீ குடிக்கும் அறை, "இது நான்-கோவிட் வார்டுதானே" என்ற நினைப்பு. நாளைக்கு வேறு பெயரில் ஒரு கிருமி வந்தாலும், மூச்சுக்காற்றில் பரவுவதாக இருந்தால் இதே கதைதான். 2003இல் சார்ஸ் என்ற, கொரோனா வகை மூச்சு நோய் வந்தபோது உலகம் முழுக்கப் பாதிக்கப்பட்ட 8,096 பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மருத்துவமனை ஊழியர். சிங்கப்பூரில் 238 பேரில் ஐந்தில் இருவர்.

உள்ளே போகும் முன்

ஆறு மணி நேரம் கவரால் என்ற, தலை முதல் கால் வரை மூடும் கவச உடைக்குள் இருக்கப் போகிறீர்கள். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். மாதவிடாய் நாள் என்றால் கூச்சப்படாமல் சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, பாதி நேரத்தில் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே தவித்துக்கொண்டு, எப்போது வெளியே ஓடலாம் என்று நிற்பவர்தான் கவசத்தைத் தாறுமாறாகக் கழற்றுவார்.

வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் வெளியே. தாலிக்கொடியைக் கழற்ற மனசு வராதவர்கள் அதை ஸ்க்ரப் சட்டைக்குள் விட்டு, மைக்ரோபோர் டேப்பால் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளுங்கள். சேஃப்டி பின் வேண்டாம், கிளவுஸைக் கிழித்துவிடும். பெரிய கல் மூக்குத்தி இருந்தால் அந்த இடத்தில் மாஸ்க் தூக்கிக்கொண்டு நிற்கும். கொண்டையை உச்சியில் போடாதீர்கள். என்95 மாஸ்க்கின் மேல் பட்டை உச்சந்தலையின் பின்பக்கமும் கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியிலும் உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கொண்டை வந்தால் சரி.

மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளி விடுவது எல்லோருக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் நடுவில் கூராக மடிந்து இரண்டு பக்கமும் காற்று கசியும். இரண்டு கையின் விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்திக்கொண்டே வாருங்கள். பிறகு மாஸ்க்கை இரண்டு உள்ளங்கையாலும் மூடி, பலமாக ஊதுங்கள். கண்ணுக்குக் கீழோ தாடைப் பக்கமோ காற்று படுகிறதா? உள்ளே இழுங்கள், மாஸ்க் முகத்தோடு லேசாக ஒட்டுகிறதா? இந்த சீல் சோதனைக்குப் பத்து விநாடிகூட ஆகாது. பாதுகாப்புக் கண்ணாடி அடிக்கடி மங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் காயவைப்பது நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு முன் மூக்குத்தண்டுப் பக்கம் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மங்கல் வருவதே பெரும்பாலும் அந்தக் காற்றால்தான். தாடி வைத்த பிரதர்களுக்கும் டாக்டர்களுக்கும் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்: தாடி மேல் எந்த என்95உம் சரியாகப் பொருந்தாது.

மாஸ்க் தட்டுப்பாடான மாதங்களில் ஆளுக்கு ஐந்து மாஸ்க்கும் ஐந்து காகிதக் கவரும் கொடுத்தோம். ஒரு நாள் போட்டதைத் தேதி எழுதிக் கவரில் போட்டு, ஐந்தாவது நாளுக்குப் பிறகே மறுபடி எடுப்பது. காகிதம்தான், பிளாஸ்டிக் வேண்டாம். ஈரம் உள்ளேயே நின்றுவிடும். என்95 துணியில் இருக்கும் மின்னூட்டம்தான் 0.3 மைக்ரான் அளவுத் துகளில்கூட 95 சதவீதத்தைப் பிடித்து நிறுத்துகிறது. துவைத்தாலோ சானிடைசர் அடித்தாலோ அது போய்விடும், பார்ப்பதற்கு மாஸ்க் புதுசு போலவே இருக்கும்.

கழற்றும்போது

தனியாகக் கழற்றாதீர்கள். எதிரே ஒருவர் நின்று பார்க்க வேண்டும், நீங்கள் தப்பு செய்தால் "நில்லு சிஸ்டர்" என்று சத்தம் போடும் தைரியம் அவருக்கு இருக்க வேண்டும். ஜூனியரை நிறுத்தினால் சீனியரிடம் வாய் திறக்க மாட்டார் என்பதையும் யோசித்து ஜோடி சேருங்கள்.

சுவரில் ஒட்டியிருக்கும் படம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எங்கள் வரிசை இது. வெளிக் கிளவுஸைக் கழற்றி, உள் கிளவுஸ் மேல் சானிடைசர். ஷூ கவர், மறுபடி சானிடைசர். முகவாயைத் தூக்கி ஜிப்பைத் திறந்து, தலைமூடியை வெளிப்பக்கம் தொடாமல் பின்னால் தள்ளி, தோளிலிருந்து பாயைச் சுருட்டுவது போல உள்பக்கம் வெளியே வரும்படி கீழே சுருட்டிக்கொண்டே போங்கள். உதறக் கூடாது. காலை எடுத்து வெளியே வைத்ததும் சானிடைசர். கண்ணாடியைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்துக் குனிந்தபடி எடுங்கள். பிறகு உள் கிளவுஸ், கை சுத்தம். மாஸ்க்கை அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கழற்ற வேண்டும்: கீழ்ப் பட்டை முதலில், மேல் பட்டை அடுத்து, முன்பக்கத்தைத் தொடாமல். கடைசியாக சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவுங்கள்.

இவ்வளவும் மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் ஓரிடத்தில் சறுக்குவார்கள். கண்ணாடி எடுத்தவுடன் நெற்றியில் வியர்வை வழியும், மூக்கில் மாஸ்க் பதிந்த தழும்பு எரியும், கை தானாக முகத்துக்குப் போகும். எதிரே நிற்பவர் கவனிக்க வேண்டியது அந்த ஒரு நொடியைத்தான்.

டீ அறை

கவசம் கழற்றிக் குளித்து வந்ததும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதுதான் ஆபத்து. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி, மாஸ்க் இல்லாமல், உன் குழம்பு என் பொரியல் என்று மாற்றிக்கொண்டு அரை மணி நேரம் பேசுவோம். அதில் ஒருவருக்கு நாளை காய்ச்சல் வரப்போகிறது என்றால், இன்றே அவர் மூச்சில் வைரஸ் இருக்கும். ஜன்னலைத் திறந்து, ஏசியை அணைத்து, இரண்டிரண்டு பேராக, எதிரெதிரே உட்காராமல் சாப்பிடுங்கள். பேச்செல்லாம் மாஸ்க் போட்ட பிறகு. ஹாஸ்டல் வேனுக்கும் இதே விதி.

வார்டிலும் ஜன்னல்தான் முதல் மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வார்டுக்குச் சொன்ன கணக்கு ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர் காற்று. அளக்கக் கருவி இல்லாத நம் பழைய கட்டடங்களில் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேன் காற்று நம் முதுகுப் பக்கமிருந்து நோயாளியைத் தாண்டி ஜன்னலுக்குப் போகும்படி வையுங்கள். இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாயில் குழாய் போடுவது), சக்‌ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது) நடக்கும்போது வேலையில்லாதவர்கள் வெளியே போய்விட வேண்டும்.

நான்-கோவிட் வார்டு

பிரசவ வார்டு, கேஷுவாலிட்டி, கண் ஓபி. ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் சீட்டு வந்துவிட்டது என்று சர்ஜிகல் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிடும் இடங்கள் இவை. தொற்றிய முதல் சில நாட்களில் டெஸ்ட் தவறவிடுவது சகஜம். கனடாவின் டொரொண்டோவில் 2003 மே மாதம் சார்ஸ் முடிந்துவிட்டதென்று கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு, அடையாளம் காணாமல் விட்ட நோயாளிகளிடமிருந்துதான் இரண்டாவது சுற்று கிளம்பியது, அதில் நர்ஸ்களும் மாட்டினார்கள்.

வீண் வேலைகள்

கிருமிநாசினியை ஆள் மேல் தெளிக்காதீர்கள். 2020இல் ஊருக்கு ஊர் சுரங்கம் போலக் கட்டிப் புகை அடித்தார்கள். ஏப்ரலிலேயே மத்திய சுகாதாரத் துறை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஹைப்போ என்ற குளோரின் கரைசல் தரைக்கும் கட்டிலுக்கும்தான். சாதாரண பிளீச்சிங் பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது.

கலக்குவதும் துடைப்பதும் மருத்துவக் கழிவு மஞ்சள் பையைக் கட்டித் தூக்குவதும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். ஒரு மருத்துவமனையில் அவர்களுக்குத் துணி மாஸ்க் கொடுத்துவிட்டு டாக்டர்களுக்கு மட்டும் என்95 எடுத்து வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் வார்டு அக்கா ஒருவருக்குக் கவரால் இரண்டு சைஸ் பெரிது. கால் பகுதி தரையில் இழுபட்டு, நடக்கும்போதெல்லாம் கையால் தூக்கிப் பிடிப்பார், அதே கையால் மாஸ்க்கைச் சரி செய்வார். கணுக்காலில் டேப் சுற்றிவிட்டதும் பிரச்சினை தீர்ந்தது. உங்கள் சீல் சோதனை முடிந்ததும் அவர்களுடையதையும் பாருங்கள்.

காய்ச்சல் வந்தால்

பாராசிட்டமால் போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வராதீர்கள். ஆள் பற்றாக்குறை உங்கள் ஒருவர் பொறுப்பு இல்லை. மாஸ்க் நழுவியது, கிளவுஸ் கிழிந்தது, எது நடந்தாலும் அன்றைக்கே தேதி, நேரம், கட்டில் எண், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2020இல் மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய் காப்பீட்டுக்கு, கோவிட் பணியில் இருந்தார் என்று மருத்துவமனையின் சான்று தேவைப்பட்டது. ஒப்பந்தப் பணியாளர்களும் அதில் சேர்த்தி. ஆகவே டியூட்டி ரோஸ்டர் போடும்போது தூய்மைப் பணியாளர் பெயரையும் முழுதாக எழுதுங்கள், "சுகாதாரப் பணியாளர் 2 பேர்" என்று விட்டுவிடாதீர்கள்.