ரொட்டி சானாயைப் பிய்த்ததற்கா இவ்வளவு அழுகை?

போன ஞாயிறு காலை, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீடு. மூன்றரை வயது மகளுக்குச் சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று பரோட்டா போன்ற ரொட்டி சானாயைப் பிய்த்து வைத்தேன். "என் ரொட்டி செத்துப்போச்சு!" என்று தரையில் மல்லாந்து விழுந்து கதறினாள். பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் கை போனைத் தேடியது.

அப்படிப் படம் எடுப்பதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. முழு ரொட்டிக்காகக் காத்திருந்தவளுக்கு அது பெரிய இழப்பு. உணர்ச்சியை அடக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 20 வயதுக்கு மேலாகும். மூன்று வயதில் அவளால் எப்படி அடக்க முடியும்? வீடியோ குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போய், சித்தப்பாவும் அத்தையும் அவளிடமே சொல்லிச் சிரித்தால், அடுத்த முறை நம்மிடம் அழவே கூச்சப்படுவாள்.

அழும்போது விளக்கம் சொல்வதும் வீண். "பிய்த்தாலும் அதே ருசிதான்" என்பது அப்போது காதில் ஏறாது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "முழுசா வேணும்னு நெனச்சியா கண்ணு? வருத்தமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அப்புறம் பேசவில்லை. தேம்பல் குறைந்ததும் மடியில் ஏறிக்கொண்டாள். அடுத்த ரொட்டியை அவளே பிய்த்தாள்.

"போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்" என்ற மிரட்டலை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. தைப்பூசக் கூட்டத்தில், பத்துமலையின் 272 படிகளுக்குக் கீழே பிள்ளை கைநழுவிப் போனால் யாரிடம் ஓட வேண்டும்? சீருடை போட்ட அந்தப் போலீஸ்காரரிடம்தானே! அவரைப் பார்த்து ஒளிந்துகொள்ள நாமே பழக்கலாமா? "டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்ற மிரட்டலும் அப்படித்தான்.

போனைக் கொடுத்தால் அழுகை நிற்கும், சரி. ஆனால் 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு அழுகைக்கும் போன் என்றால் அந்த ஒரு மணி நேரம் காலையிலேயே தீர்ந்துவிடும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வேண்டாம் என்று சொன்ன ஐஸ்கிரீமை, கதறியதும் வாங்கித் தராதீர்கள். தரலாம் என்று தோன்றினால் முதலிலேயே தந்துவிடுங்கள்.

பசியா, தூக்கமா என்றும் பாருங்கள். அன்று ரொட்டி வாங்கிய கடையில் கூட்டம். பத்து மணி வரை அவள் வயிறு காலி. தன்னையே அடித்துக்கொண்டாலோ, மூச்சடக்கி மயங்கினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.