நடைபாதை, சைக்கிள் தட நிதி: எங்கே கோட்டை விடுகிறோம்?

நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் அரசு நிதி ஒதுக்குவதே குதிரைக் கொம்பு. வந்த பணமும் வீணாவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கிலோமீட்டர் கணக்கு. இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவு பணம் என்று விதி வைத்தால், வேலை சுலபமான இடத்தில்தான் நடக்கும். அகலமான சாலையில் ஒரு துண்டு, பூங்கா ஓரத்தில் ஒரு துண்டு. சந்திப்பு வந்ததும் தடம் நின்றுவிடும். ஓட்டுபவருக்கு உயிர்ப்பயம் அங்கேதான். செலவு அதிகம் பிடிப்பதும் அங்கேதான் என்பதால் திட்ட அறிக்கையில் அதைத் தொடவே மாட்டார்கள். ஸ்பெயினின் செவில் நகரம் 2006-07இல் சுமார் 80 கி.மீ. தடத்தை, மோட்டார் வண்டிகள் நுழைய முடியாதபடி பிரித்து, ஒன்றோடொன்று இணைத்து ஒரே மூச்சில் அமைத்தது. சைக்கிளே அபூர்வமாக இருந்த ஊரில் சில ஆண்டுகளில் சைக்கிள் பயணம் பல மடங்கு பெருகியது. முதலில் எந்த வீட்டிலிருந்து எந்தப் பள்ளிக்கு, எந்த ரயில் நிலையத்துக்குத் தடம் அறுபடாமல் போகும் என்று கேளுங்கள். நீளத்தைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்தது பெயின்ட். கோடு போடுவது மலிவு, ஆனால் கோடு காரை நிறுத்தாது. இங்கிலாந்தில் 2020இல், பெரும்பாலும் பெயின்ட்டை மட்டுமே நம்பிய சைக்கிள் திட்டங்களுக்கு நிதி கிடையாது என்று அரசே அறிவித்தது. சரியான நிபந்தனை!

நடைபாதையை வெட்டிச் சைக்கிளுக்குக் கொடுப்பது அநியாயம். நடுவில் மின்கம்பமும் கேபிள் பெட்டியும் நிற்க, மிச்சமுள்ள இடுக்கில் சக்கர நாற்காலி எப்படிப் போகும்? இடத்தைக் கார் நிறுத்தும் பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஆண்டு கையேந்தும் நிதியும் ஆபத்து. வடிவமைப்பு, மக்கள் கருத்து, டெண்டர் என்று மாதங்கள் ஓடிவிடும். நிதியாண்டு முடியும் நேரத்தில் அவசர அவசரமாகக் கல் பதிப்பார்கள். அயர்லாந்தில் 2020இல் அமைந்த கூட்டணி அரசு, போக்குவரத்து மூலதனச் செலவில் 20% நடைக்கும் சைக்கிளுக்கும் என்று தன் பதவிக்காலம் முழுமைக்கும் உறுதி கொடுத்தது. அப்படிப் பல ஆண்டு உறுதி இருந்தால்தான் நல்ல பொறியாளர்களை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியும்.

பராமரிப்புக்கான பணத்தை நிதி ஒதுக்கீட்டில் தனித் தலைப்பாகக் கேளுங்கள். குழாய்க்காகத் தோண்டியவர்களே பழையபடி மூடித்தர வேண்டும் என்பதையும் அனுமதி ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள்.