தனுஷ்கோடிக் கரையில் நடக்கப் போகிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை கடலோரமாகவே நடந்துவிடலாம் என்று கிளம்பும் எல்லாக் கூட்டமும் முதலில் செய்வது ஒன்றுதான். மொபைலில் மேப்பைத் திறந்து, கிலோமீட்டரைப் பார்த்து, "அட, இவ்வளவுதானா" என்பது. நாங்கள் ஆறு பேரும் அப்படித்தான் கிளம்பினோம். இருபது கிலோமீட்டர் சொச்சம், வளைவு நெளிவு இல்லாத கரை, மேடு பள்ளம் கிடையாது, காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முனையில் இருக்கலாம் என்று கணக்கு. மத்தியானம் நாங்கள் பாதி வழியில் இருக்கும் முகுந்தராயர் சத்திரத்தைத்தான் தாண்டியிருந்தோம்.

தார் ரோட்டில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் உலர்ந்த மணலில் மூன்று நடந்தால் பெரிய விஷயம். சத்திரத்திலிருந்து முனைக்குப் போகும் ரோடு 9.5 கிலோமீட்டர், 2017இல் திறந்தது. அதை ரோட்டிலேயே நடந்தால் இரண்டு மணி நேரம், மணலில் நடந்தால் மூன்றரை. அதனால் முதல் தடவை போகிறவர்கள் நகரத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சத்திரம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடங்கள். தீவின் அழகான பகுதியே அதற்கு அப்புறம்தான், அங்கிருந்துதான் நிலம் ஒடுங்கி ஒடுங்கி இரண்டு பக்கமும் கடல் தெரிய ஆரம்பிக்கிறது.

தண்ணீரின் ஓரமாக ஈரமணலில் நடந்தால் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்த ஈரமணல் சரிவாக இருக்கும். முனையை நோக்கித் தெற்குக் கரையில் நடக்கும்போது கடல் எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம், அதாவது வலது கால் எப்போதும் தாழ்வில், இடது கால் மேட்டில். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் எங்களில் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், வயசாகிவிட்டது என்று கிண்டல் செய்தோம், அரை மணியில் எனக்கும் அதே இடத்தில் வலித்தது. அரை மணிக்கு ஒரு முறை ரோட்டுக்கு ஏறி கொஞ்ச தூரம் சமதரையில் நடந்துவிட்டு இறங்கினால் இந்த வலி வராது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வெறுங்காலோடு நடப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். கரையில் கிடப்பது மணலும் சிப்பியும் மட்டும் இல்லை, அறுந்த நைலான் வலை, தூண்டில் முள், கண்ணாடித் துண்டு, கருவேல முள் எல்லாம் உண்டு. ஷூவும் சரிப்படாது, மணல் உள்ளே போய்விட்டால் சாக்ஸோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்த்து கொப்புளம் போட்டுவிடும். பின்னால் வார் வைத்த செருப்புதான் நல்லது.

அடுத்தது காற்று. இங்கே ஓதம் ஏறி வழி மறிக்கும் என்ற பயம் பெரிதாகத் தேவையில்லை, பாக் நீரிணைப் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். நாள் குறிக்க வேண்டியது காற்றைப் பார்த்துத்தான். உள்ளூர் மீனவர்கள் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று கொந்தளிக்கும், ஒன்று குளம் மாதிரி கிடக்கும். இதைக் கேட்டுவிட்டு வடக்குப் பக்கம் எப்போதும் அமைதி என்று நினைப்பது தவறு. கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடல் ஆடும், வடக்கு அடங்கியிருக்கும். வாடைக் காற்று வந்துவிட்டால் அப்படியே தலைகீழ். ஜூன், ஜூலையில் போனால் மணல் ஊசி ஊசியாகக் காலில் குத்தும், ரோட்டின் மேலேயே மணல் ஏறிக்கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் கேட்டால், அது ஒன்றாம் எண்ணாகவே இருந்தாலும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வீட்டில் இருங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு புயலில் ஒரு ரயிலே பயணிகளோடு போன கரை இது. ஜனவரி முதல் மார்ச் ஆரம்பம் வரை போவது உத்தமம்.

காற்று இருக்கிறதே, வெயில் தெரியாது என்பது இதன் தம்பித் தவறு. வெயில் தெரியாதுதான், அதுதான் சிக்கல். வியர்வை வந்த உடனே காய்ந்துவிடுவதால் தாகமே எடுக்காத மாதிரி இருக்கும், பத்து மணிக்கு மேல் திடீரென்று தலை சுற்றும். சத்திரம் தாண்டினால் சவுக்கு, பனை எல்லாம் குறைந்துபோய் நிழல் என்ற பேச்சே கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதுவும் அவரவர் முதுகில். நாங்கள் பாரத்தைப் பங்கு போடுகிறோம் என்று ஒருவன் பையில் மொத்தத் தண்ணீரையும், இன்னொருவன் பையில் மொத்தச் சாப்பாட்டையும் வைத்தோம். தண்ணீர்க்காரன் வேகமாக நடப்பவன். தட்டையான கரையில் அவன் எங்களுக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தான், கை தட்டினால் கேட்கிற தூரம் என்று நினைத்தோம், அலைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, அரை மணி நேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே தாகத்தோடு நடந்தோம். கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் முன்னால் போகட்டும்.

தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும், கேள்விப்பட்டிருப்பீர்கள். நிஜம்தான். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது, உப்புத்தண்ணீர் கனம் என்பதால். கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் உப்புக் கரிக்கும். அங்கே இருக்கிற மீனவக் குடும்பங்கள் இதை நம்பித்தான் காலங்காலமாக இருந்திருக்கிறார்கள், அதனால் ஊற்றுப் பக்கம் போய் கை கால் கழுவுவது, ஒதுங்குவது எல்லாம் வேண்டாம்.

கரைவலை இழுப்பதைப் பார்ப்பீர்கள். கடலுக்குள்ளிருந்து வரும் கயிற்றை இருபக்கமும் வரிசையாக நின்று இழுப்பார்கள். ரீல்ஸ் எடுக்கிறேன் என்று கயிற்றுக்கு நடுவில் போய் நிற்பதும் அதைத் தாண்டிக் குதிப்பதும் அவர்கள் வேலையைக் கெடுப்பது, கயிறு சடாரென்று விறைத்தால் காலையும் வாரிவிடும். "அண்ணே, ஒரு கை பிடிக்கலாமா" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். உள்ளங்கை எரியும், அது வேறு.

குறுக்கு வழி பற்றி ஒரு வார்த்தை. வடக்குப் பக்கம் தண்ணீர் வற்றி வெள்ளையாகத் தரை தெரிகிறதே, வளைவைச் சுற்றாமல் நேரே வெட்டிவிடலாம் என்று தோன்றும். மேலே காய்ந்த தோல், உள்ளே சேறு. எங்களில் ஒருவன் முழங்கால் வரை இறங்கி, ஒரு செருப்பை அங்கேயே காணிக்கையாக விட்டுவிட்டு வந்தான். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடுவதும் அந்தச் சேற்றுநீரில்தான். பறக்கிற படம் வேண்டும் என்று அவற்றைக் கலைத்துவிடாதீர்கள்.

பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை, எது ஒதுங்கிக் கிடந்தாலும் எடுத்துப் பையில் போடக் கூடாது. வனவிலங்குச் சட்டப்படி குற்றம், செத்தது என்று சொன்னாலும் எடுபடாது. ஜெல்லி மீனையும் குச்சியால் கிண்ட வேண்டாம், கரையில் ஒதுங்கிய பிறகும் கொட்டும்.

முனையில் குளிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. பத்து கிலோமீட்டர் நடந்து உடம்பெல்லாம் உப்பும் மணலுமாக வருபவருக்கு அந்த நீலத்தைப் பார்த்தால் இறங்கத்தான் தோன்றும், அதிலும் அலை இல்லாத பக்கம் பார்த்தால் பாதுகாப்பு என்றே படும். இரண்டு கடலும் சேருகிற இடத்தில் நீரோட்டம் அடியில் இழுக்கிறது, மணல் திட்டு ஒவ்வொரு பருவத்திலும் இடம் மாறுகிறது, நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்று ஆளை முழுங்கும். எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததில்லை. குளிக்க வேண்டும் என்றால் ராமேஸ்வரம் திரும்பி அக்னி தீர்த்தத்தில் குளியுங்கள்.

அப்புறம், அடையாள அட்டை கையில் இருக்கட்டும், எல்லைக்கடல் என்பதால் கேட்பார்கள். டிரோன் கொண்டுபோகாதீர்கள். கூடாரம் போட்டு ராத்தங்கும் யோசனையும் வேண்டாம், சாயங்காலம் ஆனதும் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள், கடைசி நேரம் என்ன என்று போகும்போதே சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி பஸ் எப்போது என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. பழைய தேவாலயச் சுவர் பக்கத்தில் இருக்கிற கடையில் பொரித்த மீன் அவ்வளவு நன்றாக இருந்தது, இன்னொரு தட்டு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம், பஸ் எங்கள் கண்ணெதிரில் போனது. ஆறு பேரும் ஒரே ஆட்டோவில், மடியில் மடியாக, ஒற்றைச் செருப்புக்காரனை ஓரத்தில் உட்காரவைத்து ஊர் வந்து சேர்ந்தோம்.