மூன்று சர்வீஸ், ஒரே முகவரி: என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி அமைப்பது எப்படி?

கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றின் ஆப்புக்காக நான் போட்டுக்கொடுத்த அமைப்பு இது. பசுந்தேயிலை எடைக்கு ஒரு சர்வீஸ், அன்றைய விலைக்கு ஒன்று, பட்டுவாடா கணக்குக்கு ஒன்று. மூன்றும் ஒரே சர்வரில், 3001, 3002, 3003 போர்ட்களில் ஓடுகின்றன. வெளியே எச்டிடிபிஎஸ் போர்ட்டான 443 மட்டும் திறந்திருக்க வேண்டும். அங்கே வரும் கோரிக்கைகளை, முன்னால் நிற்கும் இடைத்தரகு மென்பொருளான ப்ராக்ஸி, உரிய சர்வீஸுக்குப் பிரித்து அனுப்பும்.

எளிமைதான் முக்கியம் என்றால் கேடி (Caddy) என்ற ப்ராக்ஸி மென்பொருள் நல்ல தேர்வு, எச்டிடிபிஎஸ் சான்றிதழைக்கூட அதுவே வாங்கிக்கொள்ளும். இருந்தாலும் இங்கே நான் இன்னொரு ப்ராக்ஸியான என்ஜின்எக்ஸைத்தான் (nginx) சொல்வேன். கீழ்க்கோத்தகிரி பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும். ஒரு ரசீது போட்டோ ஏறுவதற்குள் பொறுமை போய்விடும். என்ஜின்எக்ஸ் அந்த அப்லோடை முழுசாக வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பின்னால் உள்ள சர்வீஸைத் தொடும். அதுவரை எடை சர்வீஸ் மற்றவர்களைக் கவனிக்கலாம். இதற்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டாம், இயல்பிலேயே அப்படித்தான்.

முதலில் மூன்று சர்வீஸையும் 127.0.0.1-இல், அதாவது அதே இயந்திரத்துக்குள்ளிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும், கேட்கும்படி மாற்றுங்கள். பிறகு என்ஜின்எக்ஸ் அமைப்பு ஃபைலின் சர்வர் (server) பிளாக்குக்குள் /எடை/, /விலை/, /பட்டுவாடா/ என்று பாதைக்கு ஒன்றாக மூன்று லொகேஷன் (location) பிளாக். ஒவ்வொன்றிலும், கோரிக்கை எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஒரு ப்ராக்ஸி பாஸ் (proxy_pass) வரி. பாதையைத் தமிழிலேயே வைக்கலாம். ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் போதும். லாகில் மட்டும் சதவீதக் குறிகளாகத் தெரியும்.

நேரத்தைத் தின்பது ப்ராக்ஸி பாஸ் வரியின் கடைசிச் சாய்கோடு. ஆப் /விலை/இன்று என்று கேட்கிறது. முகவரி 127.0.0.1:3002/ என்று சாய்கோட்டுடன் முடிந்தால், /விலை/ வெட்டப்பட்டு சர்வீஸுக்கு /இன்று மட்டும் போகும். சாய்கோடு இல்லாவிட்டால் /விலை/இன்று அப்படியே போகும். சர்வீஸுக்கு அந்தப் பாதை தெரியாது, 404 (பக்கம் இல்லை) வரும். லொகேஷனில் /விலை என்று நிறுத்தி, முகவரியில் மட்டும் சாய்கோடு வைத்தாலோ //இன்று என்று இரட்டையாகப் போகும். ஆகவே இரண்டிலும் வையுங்கள், அல்லது முகவரியில் விட்டுவிட்டு சர்வீஸையே முழுப் பாதைக்குப் பழக்குங்கள். 404 எங்கிருந்து வருகிறது என்று குழம்பினால், கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் கர்ல் (curl) கட்டளையைப் போட்டுப் பாருங்கள்: பக்கத்தின் அடியில் என்ஜின்எக்ஸ் பெயர் இருந்தால் கோரிக்கை பெரும்பாலும் சர்வீஸ்வரை போகவே இல்லை.

கேட்ட தளப் பெயரையும் கேட்டவரின் ஐபி முகவரியையும் சர்வீஸுக்குச் சொல்லும் ஹோஸ்ட், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடர்களையும் சேர்த்துவிடுங்கள். அப்லோடு வரம்பு இயல்பில் 1 எம்பிதான். அதைவிடப் பெரிய போட்டோ அனுப்பினால் 413 பிழை வரும், 10 எம்பி ஆக்குங்கள். ரீலோடுக்கு முன் என்ஜின்எக்ஸின் டெஸ்ட் கட்டளையை (nginx -t) கட்டாயம் ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை: மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரில், சர்வீஸை எட்ட முடியவில்லை என்னும் 502 பிழை வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். என்ஜின்எக்ஸும் கன்டெய்னருக்குள் ஓடினால், 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். அதற்குப் பதில், கன்டெய்னர்களைப் பட்டியலிடும் கம்போஸ் ஃபைலில் சர்வீஸுக்கு வைத்த பெயரைப் போடுங்கள்; இந்த அமைப்பில் சர்வீஸ்கள் 127.0.0.1-இல் அல்ல, 0.0.0.0-இல் கேட்க வேண்டும். அந்தப் பெயர் கிடைக்காவிட்டால் என்ஜின்எக்ஸ் கிளம்பவே கிளம்பாது, எனவே சர்வீஸ்கள் முதலில் எழ வேண்டும்.

இன்னொருவருக்கு எடைப் பதிவு காலியாக விழுந்தது. ஆப் /எடை என்று கடைசிச் சாய்கோடு இல்லாமல், தகவல் அனுப்பும் போஸ்ட் (POST) கோரிக்கையை அனுப்பியிருக்கிறது. என்ஜின்எக்ஸ் 301 (இடம் மாறிவிட்டது) கொடுத்து /எடை/ பக்கம் திருப்பிவிட, அந்தக் கோரிக்கை, தகவலைக் கேட்க மட்டும் செய்யும் கெட் (GET) ஆக மாறி, அனுப்பிய தகவல் வழியிலேயே போய்விட்டது. ஆப்பைத் திருத்த முடியாவிட்டால், சமக்குறி போட்டு (location = /எடை) அந்தப் பாதைக்கு மட்டும் தனி லொகேஷன் எழுதி, அதே 3001-க்கு அனுப்பிவிடுங்கள்.