மாங்குளத்திலிருந்து வின்னிபெக்குக்கு: பின்வளவுச் சுடுநீர்த் தொட்டியைக் குளிரிலிருந்து காப்பது

மாங்குளத்தில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு குடும்பம் கனடாவின் வின்னிபெக்குக்குப் புறப்படுகிறது. அவர்கள் போகும் வாடகை வீட்டின் பின்வளவில், ஆட்கள் இறங்கி அமர்ந்து குளிக்கும் சுடுநீர்த் தொட்டி (hot tub) இருக்கிறதாம். மார்கழிப் பனிக்கே போர்வை தேடுகிறவர்கள் நாங்கள். அங்கே மைனஸ் 30 பாகைக்கு இறங்கும் இரவுகள் உண்டு.

தொட்டியின் சூடு பெரும்பாலும் மேற்பக்கத்தாலேயே போகிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டு போவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. 40 பாகைத் தண்ணீரைத் திறந்து வைத்தால் அதுவே பல மடங்கு வேகமாக நடக்கும். ஆகவே காசை முதலில் மூடிக்குச் செலவழியுங்கள். மூடிக்குள் இருப்பது ரெஜிபோம் என்னும் இலேசான வெள்ளை நுரைப் பலகை. அதன் பிளாஸ்டிக் உறை கிழிந்தால் நீராவி புகுந்து ஊறிவிடும். குளிர்நாட்டில் எனது முதற் குளிர்காலத்தில் அப்படி ஊறிப் பாரமேறிய மூடியோடு நான் காலந்தள்ளினேன். மின்கட்டணத்தைப் பார்த்த பிறகுதான் புதிது வாங்கினேன். நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். மூடிமேல் விழுந்த பனி உருகாமல் கிடந்தால் மூடி நல்லது. நடு மடிப்பில் மட்டும் உருகியிருந்தால் அதன் வழியே சூடு கசிகிறது. தண்ணீரின்மேல் மிதக்கவிடும் மெல்லிய விரிப்பு ஒன்றும் வாங்கிப் போடுங்கள்.

பக்கப் பலகைகளின் உட்புறத்தில் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் பலகைகளைப் பொருத்தலாம். மோட்டாரின் காற்றுத் துவாரத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

மின்வெட்டு எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் குளிரில் அது வேறு விஷயம். மூடியைத் திறக்காவிட்டால் தொட்டித் தண்ணீர் பல மணி நேரம் சூடாகவே இருக்கும். முதலில் உறைவது மெல்லிய குழாய்களும் பம்பும்தான். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும், குழாய் வெடிக்கும். மின்சாரம் திரும்பத் தாமதமாகும் என்று தெரிந்தால் உடனே வீட்டுக்காரருக்கு அறிவியுங்கள்.

தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருவதென்றால், தொட்டியை வெறுமையாக்கிவிட்டு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். குழாய் வளைவுகளில் தண்ணீர் தங்கும். அதை ஊதி வெளியேற்றத் தெரிந்தவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் தண்ணீரை விட்டுவைத்து, சூட்டைச் சற்றுக் குறைத்து, பம்பை ஓடவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் தினமும் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.