மான் வேட்டைக்கு 45-70: 405 கிரெய்னிலிருந்து 300க்கு

அமெரிக்காவின் ஒஹையோவில் மான் வேட்டைக்கு ரைஃபிள் என்றால், தோட்டாவின் உலோக உறை கழுத்து குறுகாமல் நேர்ச்சுவராக இருந்தால்தான் அனுமதி. அதனால் என்னிடம் இருப்பது 45-70 தோட்டா போடும் லீவர் ரைஃபிள், அதாவது விசைக்கடியில் உள்ள கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது. 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. அன்றைய குண்டு 405 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம்.

நானும் அதே எடையில் கெட்டி ஈயக் குண்டுதான் போட்டு வந்தேன். பெரிய கரடிக்கு அது சரி. வெள்ளைவால் மானுக்கு விலா மெலிசு. குண்டு விரியாமல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். சரியான இடத்தில் பட்டும் மான் புதருக்குள் வெகுதூரம் ஓடும். சருகில் ஒவ்வொரு ரத்தத் துளியாகக் குனிந்து தேட வேண்டும். ஓர் உயிர் அவ்வளவு நேரம் வதைபடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் 300 கிரெய்னுக்கு மாறினேன். முனையில் குழிவு, மென்மையான ஈயம், மேலே மெல்லிய செம்புறை. பட்டதும் காளான்போல விரிகிறது. மான் கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடுகிறது. வேகமும் நொடிக்கு 1,300 சொச்சம் அடியிலிருந்து 1,800க்குப் போனது. 100 கஜத்துக்குக் குறியைச் சரிசெய்து வைத்தால், 405 கிரெய்ன் 200 கஜத்தில் சுமார் இரண்டடி இறங்கும். 300 கிரெய்ன் அதில் பாதிக்குச் சற்று மேல்தான்.

எடையை மாற்றினால் குறியை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசினுக்குத் தட்டைமுனைக் குண்டுதான் பாதுகாப்பு. கூரான உலோக முனை, முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதியில்) இடித்தால் உள்ளேயே வெடிக்கலாம். தோள் எலும்பைத் தவிர்த்து, அதற்குச் சற்றுப் பின்னால் விலாவில் குறி வையுங்கள், இறைச்சி வீணாகாது.