லாரி ஆபீஸ் கணக்கு: ட்ரிப் ஷீட்டை முடிப்பது எப்படி?

டாலி என்ற கணக்கு மென்பொருள் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட லாரி ஆபீஸில் சேர்ந்ததும் திணறுவது, ஒரு வண்டியின் ஒரு பயணத்துக்கான வரவு செலவுத் தாளான ட்ரிப் ஷீட்டில்தான். கடலூர் சிப்காட்டில் லோடு ஏற்றி, சேலத்தில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு வண்டியை வைத்துப் பார்ப்போம்.

படி 1: அட்வான்ஸ்

டிரைவருக்குக் கொடுத்த 6,000 ரூபாய் செலவல்ல. அவர் பெயரில் பற்று, அதாவது அவர் கணக்குக் காட்ட வேண்டிய பணம். பேட்டா 1,600, ஏற்று இறக்குக் கூலி 2,200, பஞ்சர் 400 என 4,200க்குக் கணக்கு வந்தால், மீதி 1,800 அவர் பெயரிலேயே நிற்க வேண்டும். "அடுத்த ட்ரிப்புல கழிச்சுக்குங்க சார்" என்பார். கழிக்கலாம், எழுதிவிட்டு.

படி 2: டீசல்

பணம் ஒழுகும் இடம் இதுதான். கிளம்பும்போது கிலோமீட்டர் 1,84,210, திரும்பியதும் 1,84,630. ஓட்டம் 420. புறப்படும்போதும் வந்த பிறகும் டேங்க் நிரப்பியிருந்தால், திரும்பி வந்து பிடித்த டீசலும் வழியில் பிடித்ததும் சேர்ந்ததுதான் செலவு. 105 லிட்டர் என்றால் மைலேஜ் 4. அதே வண்டியின் பழைய ஷீட்டோடு ஒப்பிடுங்கள். வேறு வண்டியோடு வேண்டாம்.

புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதால் நம் பக்கத்து வண்டிகள் அங்கே பிடிப்பது வழக்கம். ஆனால் விருத்தாசலம் வழியாகச் சேலம் போன வண்டிக்கு, நடு ட்ரிப்பில் புதுச்சேரிப் பக்கம் இருக்கும் கன்னியக்கோயில் பங்க் பில் எப்படி வரும்? பில்லில் தேதி, நேரம், வண்டி எண் மூன்றையும் பாருங்கள்.

படி 3: டோல்

பாஸ்டேக் ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டால் போதும். வண்டி எந்த வழியாகப் போனது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

படி 4: எல்.ஆர். (லாரி ரசீது) காப்பி

சரக்கு பெற்றவரின் கையெழுத்தும் சீலும் இல்லாமல் பில் போடாதீர்கள். பின்பக்கத்தையும் திருப்புங்கள், "2 மூட்டை குறைவு" என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். வண்டி உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் இருந்தால்தான் ஹால்டிங், அதாவது வண்டி காத்திருந்ததற்கான காசு, கேட்க முடியும்.

படி 5: பில்

ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 5% ஜிஎஸ்டியை வாடகை கொடுக்கும் பார்ட்டியே கட்டுவார்; பில்லில் அதைக் குறிப்பிட வேண்டும். பார்ட்டியின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. 34 என்றால் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநிலத்துக்கான ஜிஎஸ்டி. புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் வேறு வரி என்பது கடலூர்க்காரர்களுக்கே சட்டென்று உறைப்பதில்லை.

வெளி லாரி பிடித்திருந்தால் இன்னொரு வேலை உண்டு. 10 வண்டிக்கு மேல் இல்லாத ஓனர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்தால், அவருக்குக் கொடுக்கும் வாடகையில் டிடிஎஸ் (முன்கூட்டிக் கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டாம். அந்தத் தாளை முதல் லோடு ஏற்றும்போதே வாங்கிவிடுங்கள். மார்ச்சில் வருடக் கணக்கை முடிக்கும்போது தேடினால் ஓனர் போனையே எடுக்கமாட்டார்.